இணையவழி வகுப்பில் ‘கள்வனும்’ ஆசிரியனும்: நன்னூல் பொதுப்பாயிரத்தை முன்வைத்து ஆய்வாளர்க்கான கற்பித்தல் பயிற்சி

ஆய்வுச் சுருக்கம்

முனைவர் பட்ட ஆய்வாளர்களைக் கற்பித்தலுக்கு ஆயத்தப்படுத்துவதும் இணையவழிப் பாடங்களில் விடை நகலெடுத்தலைத் தடுப்பதும் தனித்தனிச் சிக்கல்களாகவே பேசப்படுகின்றன. முன்னது பயிற்சி சார்ந்தது என்றும் பின்னது கண்காணிப்பு சார்ந்தது என்றும் கொள்வது வழக்கம். வினா அமைக்கக் கற்றுக்கொள்ளாத ஒருவர் வகுப்பேற்கும்போது நகலெடுத்தலுக்கு அவரே வழி திறந்துவிடுகிறார் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். நன்னூல் பொதுப்பாயிரம் கூறும் பாடஞ்சொல்லல், பாடங்கேட்டல் நெறிகளும், சிறப்புப்பாயிரத்தின் ‘வழி’ என்னும் உறுப்பும் இதற்குத் துணையாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. கட்டுரையாளரின் வகுப்பறைப் பட்டறிவு சான்றாக அமைகிறது.

திறவுச் சொற்கள்: நன்னூல், பாயிரம், ஆய்வாளர், இணையவழித் தேர்வு, வினா அமைப்பு, வாய்மொழி மதிப்பீடு.

முன்னுரை

பள்ளியில் பட்டதாரி ஆசிரியராகத் தமிழ் கற்பிக்க இளங்கலைக் கல்வியியல் பட்டம் வேண்டும். பாடத்திட்டம் வகுத்தல், வினாத்தாள் வடிவமைத்தல், கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிக்குச் செல்லுதல் ஆகியன அப்பட்டத்தின் பகுதிகள். கல்லூரியில் தமிழ் கற்பிக்க இவற்றுள் எதுவும் தேவையில்லை. தகுதித் தேர்வின் முதல் தாளில் கற்பித்தல் உளச்சார்பு குறித்துக் கேட்கப்படும் சில வினாக்களே அவ்வகையில் நாம் கடந்துவரும் ஒரே சோதனை. சங்க இலக்கியத்தில் ஆழ்ந்து ஆய்ந்த ஒருவர் அறுபது மாணவர்க்கு எழுத்திலக்கணம் சொல்ல வல்லவராகத் தாமே ஆகிவிடுவார் என்பது எழுதப்படாத நம்பிக்கை.

இந்த நம்பிக்கையில் ஒரு மாற்றம் 2022 நவம்பரில் வெளியான பல்கலைக்கழக மானியக் குழுவின் முனைவர் பட்ட ஒழுங்குமுறையில் தெரிகிறது. எந்தத் துறையைச் சார்ந்தவராயினும் ஆய்வாளர் தம் பாடம் சார்ந்த கற்பித்தலிலும் எழுத்திலும் பயிற்சி பெற வேண்டும் என அது கூறுகிறது. வாரத்திற்கு 4 முதல் 6 மணி நேரம் வரை துணை வகுப்பு, ஆய்வகப் பணி, மதிப்பீடு ஆகியவற்றை அவருக்கு ஒதுக்கலாம் எனவும் இடமளிக்கிறது. (எம்.ஃபில். பட்டத்தை நிறுத்தியதும் இதே ஒழுங்குமுறைதான். அப்பட்டத்தைப் பெற்ற கடைசி வரிசையினருள் ஒருவர் என்ற முறையில் அதன் இரு பக்கங்களையும் நான் ஒருசேரப் படிக்க நேர்ந்தது.) விதி வந்துவிட்டது. அந்த 4 முதல் 6 மணி நேரத்தில் எதைப் பயிற்றுவது என்பதைத் துறைகளே முடிவு செய்ய வேண்டியுள்ளது.

விடைத்தாள்கள் சொன்னது

2020ஆம் ஆண்டு முதல் பெருந்தொற்றுக் காலத்தில் மாணவர் பலர் வீட்டிலிருந்தபடியே ஏ4 தாளில் விடை எழுதி, படமெடுத்து, ஒரே கோப்பாக்கிப் பதிவேற்றினர். நான் ஆய்வில் சேர்ந்த முதற்பருவத்திலேயே இளங்கலை முதலாண்டுப் பொதுத்தமிழ் வகுப்பு ஒன்றை இணையவழி எடுக்கப் பணிக்கப்பட்டேன். அதற்குமுன் நான் ஒரு வினாத்தாள்கூட அமைத்ததில்லை. முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களைப் பார்த்து, அவற்றின் வாய்பாட்டிலேயே, உவமைத்தொகை, உருவகம் ஆகியவற்றை எடுத்துக்காட்டுடன் விளக்குமாறு அகமதிப்பீட்டு வினா ஒன்று கொடுத்தேன்.

திருத்தத் தொடங்கியபோது தாளுக்குத் தாள் ஒரே பிழை. உருவகத்தின் கீழ் வரவேண்டிய ‘முகமதி’, உவமைத்தொகையின் எடுத்துக்காட்டாக நின்றது. சொல்லும் சொல்வரிசையும் ஒன்றாகவே இருந்தன. ஒருவர் எழுதியதை மற்றவர் புலனக் குழுவில் வாங்கி எழுதியிருக்கிறார்கள் என முடிவு செய்து, பெயர்ப்பட்டியல் ஒன்றைத் துறைக்கு அனுப்பினேன். மறுநாள் ஒரு மாணவி தொலைபேசியில் அழைத்து, ஐயா அனுப்பிய குறிப்பிலேயே அப்படித்தான் உள்ளது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில், என் கையெழுத்தில், ‘மதிமுகம்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘முகமதி’ என்று இருந்தது. பட்டியலைத் திரும்பப் பெற்றேன். அதிலிருந்த மாணவர்களிடம் வகுப்பிலேயே பிழையை ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

பிழை யாருடையது என்பதோடு இது முடிந்துவிடவில்லை. என் குறிப்பைப் பார்த்து எழுதியவர் யார், மனப்பாடம் செய்து எழுதியவர் யார் என்று அந்தத் தாள்களைக் கொண்டு என்னால் பிரிக்க முடியவில்லை. ‘மதிமுகம்’ என்று சரியாக எழுதி அனுப்பியிருந்தேனாயின், இரு திறத்தாருக்கும் முழு மதிப்பெண் வழங்கி, தேர்வு நேர்மையாக நடந்தது என மகிழ்ந்திருப்பேன். தேர்வுக்கூடத்தில் மாணவரைப் பூட்டி வைத்துக் கேட்டாலும் அவ்வினா வேண்டியது என் குறிப்பின் படியையே. நினைவிலிருந்து படியெடுத்தால் மதிப்பெண், தாளிலிருந்து படியெடுத்தால் குற்றம் என்று நாம் வைத்திருந்த வேறுபாட்டை நான்கு சுவர்கள்தாம் காத்து வந்தன. இணையவழித் தேர்வில் அச்சுவர்கள் இல்லை.

நன்னூலில் கள்வன்

பவணந்தி முனிவர் பொதுப்பாயிரத்தில், நூல் கற்பிக்கத் தகாதவர் எனப் பதினைவரைப் பட்டியலிடுகிறார். களிப்பில் மயங்கியவன், சோம்பன், செருக்கன் எனச் செல்லும் அவ்வரிசையில் ‘கள்வன்’ ஐந்தாவதாகவும், வஞ்சகன் எனப் பொருள்படும் ‘படிறன்’ இறுதியிலும் இடம்பெறுகின்றனர். இதனை மட்டும் எடுத்துக்கொண்டு, நகலெடுப்பவனை வகுப்பிலிருந்து நீக்குக என நன்னூலார் அன்றே கூறிவிட்டார் என்று வாதிடல் எளிது. கருத்தரங்குகளில் அவ்வாறு பேசக் கேட்டுமிருக்கிறேன். ஆனால் அந்நூற்பா ஆசிரியன் மாணவனைத் தேர்ந்துகொள்ளும் காலத்தது. பலரும் விண்ணப்பித்து, இட ஒதுக்கீட்டின்படி சேர்ந்து, பெரும்பாலும் குடும்பத்தின் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் இன்றைய வகுப்பிற்கு அதனை விதியாகக் கொள்ளுதல் பொருந்தாது.

அதே பாயிரத்தின் பிற பகுதிகள் இன்று கூடுதலாகப் பயன்படுவன. ஆசிரியராகத் தகாதவர்க்கு நன்னூலார் நான்கு உவமை கூறுகிறார்: கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு. கழற்சிக்காய் நிறைத்த குடம், இட்ட முறையில் அன்றி முறை பிறழ்ந்து ஒருசேரக் கொட்டிவிடும். பருவத் தொடக்கத்திலேயே ஐந்து அலகிற்கும் உரிய குறிப்புகளை ஒரே கோப்பாகப் புலனக் குழுவில் இட்டுவிட்டு ஓய்ந்த என் செயலுக்கு இதனினும் பொருத்தமான பெயரை நான் காணவில்லை. பாடஞ்சொல்லும் முறை கூறுமிடத்தில், கொள்வோன் எவ்வாறு கொள்வான் என்பதை அறிந்து அவன் உளம் ஏற்கும்படி சொல்ல வேண்டும் என்கிறார். திரையில் வெறும் பெயர்கள் மட்டும் வரிசையாக நிற்கும் வகுப்பில் ஆசிரியர் இழப்பது முதலில் அந்த அறிவைத்தான்.

இவ்வாய்விற்கு மிக இன்றியமையாதது பாடங்கேட்டலின் இறுதிப் பகுதி. ஆசிரியர் சொன்னதை நன்கு உட்கொண்டாலும் மாணவன் பெறுவது புலமையின் காற்கூறே என்கிறது நன்னூல். உடன்பயில்வாரோடு பழகிப் பயில்வதால் மற்றொரு காற்கூறு வருகிறது. எஞ்சிய இரண்டு காற்கூறும், தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்விதாக எடுத்துரைப்பதால் நிரம்புகின்றன. சரிபாதிப் புலமை உரைப்பதால் வருவது என்னும் இக்கணக்கை ஆய்வாளர் பக்கமிருந்தும் மாணவர் பக்கமிருந்தும் படிக்கலாம். ஆய்வாளர்க்கு வகுப்பேற்றல் ஆய்வுக்கு இடையூறு என எண்ணும் நெறியாளர்களுக்கு இது ஒரு விடை. மாணவர் பக்கமிருந்து பார்த்தால், எடுத்துரைக்கச் சொல்லாத மதிப்பீடு புலமையின் பாதியைச் சோதிக்காமலேயே விட்டுவிடுகிறது.

கற்றுக்கொண்டே கற்பித்தல் என்பது தமிழ்க் கல்வி மரபில் புதிதுமன்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறைந்தபின், உ.வே. சாமிநாதையர் திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரிடம் பாடம் கேட்டுக்கொண்டே பிற மாணாக்கர்க்குப் பாடம் சொன்னார். 1880இல் கும்பகோணம் கல்லூரிப் பணியேற்றபோது அவரிடம் இருந்த கற்பித்தல் பயிற்சி அதுவே. அங்கு மேற்பார்க்கும் ஒருவர் இருந்தார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். இன்றைய ஆய்வாளர் வகுப்பிற்குள் தனியே அனுப்பப்படுகிறார்.

வழி கூறல்

நகலெடுத்தல் என்ற சொல்லையே சற்று நின்று நோக்க வேண்டியுள்ளது. முன்னோர் பொருளை மட்டுமின்றி அவர்தம் சொல்லையும் போற்றி எடுத்தாளலாம் என்பது நன்னூலார்க்கு உடன்பாடு. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்ற பகுப்பே முன்னூலின்மேல் கட்டுவதை இயல்பாகக் கொண்டது. பாடங்களை மனப்பாடம் செய்து, உரையாசிரியர் தொடரை அப்படியே ஒப்பிப்பது பெருமையாகவே இருந்துள்ளது. இம்மரபில் வளர்ந்த மாணவரிடம், பிறர் தொடரை எழுதுவது திருட்டு என்று திடீரெனச் சொன்னால் அவருக்கு அது விளங்காது. எனக்கும் எம்.ஃபில். படிக்கும்வரை விளங்கவில்லை.

ஆயின் அம்மரபில் ஒரு கட்டுப்பாடும் உண்டு. சிறப்புப்பாயிரம் உணர்த்த வேண்டிய எட்டனுள் ஆக்கியோன் பெயரை அடுத்து வருவது ‘வழி’. இந்நூல் எதிலிருந்து வந்தது என்பதை முகப்பிலேயே கூறிவிட வேண்டும். எடுத்தாளலைக் களவாகாமல் காப்பது இந்த உறுப்பு. மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டுக் கருத்துத் திருட்டுத் தடுப்பு ஒழுங்குமுறை, ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனையில்லை என்றும், அதற்குமேல் 40, 60 என்ற எல்லைகளில் மூன்று நிலைகள் என்றும் அளவு வகுக்கிறது. அது ஆய்வேடுகளையும் ஆய்வு வெளியீடுகளையும் மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. முதலாண்டு மாணவரின் ஒப்படைப்பிற்கு விழுக்காட்டுக் கணக்கு உதவுவதில்லை. கையால் எழுதிப் படமெடுத்து அனுப்பிய தமிழ் விடையை ஒப்புமை காட்டும் மென்பொருளில் இட்டுப் பார்ப்பதும் எளிதன்று.

எனவே அடுத்த பருவத்தில் ஒவ்வொரு ஒப்படைப்பின் முகப்பிலும் ‘பாயிரம்’ என்ற தலைப்பில் ஐந்தாறு வரி எழுதச் சொன்னேன். எழுதியவர் பெயர், வழி, நுதலிய பொருள் ஆகிய மூன்றும் போதும். வழி என்பதன்கீழ் பயன்படுத்திய உரைநூல், காணொலி, உதவிய நண்பர், 2022 இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் அவ்வகைச் செயலி என எதுவாயினும் குறிக்கலாம். குறித்ததற்காக மதிப்பெண் குறையாது, மறைத்தால் மட்டுமே குறையும் என அறிவித்தேன். முதல் ஒப்படைப்பில் பெரும்பாலோர் பாடநூலின் பெயரை மட்டும் எழுதினர். பாயிரத்தில் கூறிய வழியைப் பற்றி வகுப்பில் ஓரிருவரிடம் பேசியபின் நிலை மாறியது. “அக்காவின் பழைய நோட்டு” என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைவிட நேர்மையான மேற்கோளை ஆய்வேடுகளில்கூட நான் அதிகம் கண்டதில்லை.

வினா அமைத்தலும் வாய்மொழி மதிப்பீடும்

பாயிரம் மட்டும் போதாது. வினாவும் மாற வேண்டும். ‘வல்லினம் மிகும் இடங்களை விளக்குக’ என்பதற்குரிய விடை எல்லா வழிகாட்டி நூலிலும் உண்டு. அதற்கு மாற்றாக, மாணவர் தம் ஊரில் காணும் பெயர்ப்பலகைகளுள் ஒற்று விடுபட்டதோ தேவையின்றி வந்ததோ ஆன மூன்றைப் படமெடுத்து, திருத்தி, விதி கூறுமாறு கேட்டேன். ஊர் வேறு, பலகை வேறு. ஆகவே விடையும் வேறு. ‘தேநீர் கடை’ என்ற பலகை பல ஊர்களிலிருந்தும் வந்தது உண்மைதான். தேநீரை விற்கும் கடை என விரிவதால் அது உருபும் பயனும் உடன்தொக்க தொகை. எனவே ‘தேநீர்க் கடை’ என்றே வரவேண்டும். இவ்வளவையும் நண்பரிடம் கேட்டு எழுதிவிட முடியும்.

இங்குதான் உரைத்தல் துணைக்கு வருகிறது. ஒவ்வொருவரையும் ஐந்து நிமிடம் தொலைபேசியிலோ காணொலியிலோ அழைத்து, அவர் எழுதியதிலிருந்தே ஒரு படி நகர்த்திக் கேட்டேன். ‘தேநீர் குடி’ என்பதில் ஒற்று மிகுமா? தாமே செய்தவர் சற்று யோசித்து, தேநீரைக் குடி என்று விரித்துப் பார்த்து, இது வெறும் இரண்டாம் வேற்றுமைத்தொகை, மிகாது என்பார். தவறாகச் சொன்னாலும் யோசித்த தடம் தெரியும். வாங்கி எழுதியவரிடம் அமைதி நிலவும். அந்த அமைதியைக் குற்றமாகப் பதியாமல், அங்கேயே பாடத்தைத் தொடங்கலாம் என்பது இம்முறையின் தனிச்சிறப்பு. ‘வேலை கொடு’, ‘வேலைக் கொடு’ என்ற இரண்டையும் சொல்லி, எதில் பணி கிடைக்கும், எதில் முருகனின் படைக்கலம் கைமாறும் என்று கேட்டால், சிரித்துக்கொண்டே விதியைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

நேரம் எங்கே என்னும் வினா எழும். அறுபது மாணவர்க்கு ஐந்து நிமிட வீதம் 300 நிமிடம், அதாவது ஐந்து மணி நேரம். பத்துப் பக்க விடைத்தாளை ஒன்றுக்குப் பத்து நிமிட வீதம் திருத்தினால் பத்து மணி நேரம். எழுத்து ஒப்படைப்பை இரண்டு பக்கமாகச் சுருக்கினால் இரண்டையும் சேர்த்தும் பழைய அளவைத் தாண்டாது. நூறு, நூற்றிருபது மாணவர் உள்ள பொதுத்தமிழ் வகுப்பில் ஒருவரால் இது இயலாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். துறையின் ஆய்வாளர்கள் அந்த 4 முதல் 6 மணி நேரத்தில் மதிப்பீட்டைப் பகிர்ந்துகொள்வதற்கு இதைவிடத் தகுந்த இடம் இல்லை. ஆய்வின் முடிவில் தம் வாய்மொழித் தேர்வை எதிர்நோக்கும் ஆய்வாளர்க்குப் பிறரை வாய்மொழியாகக் கேட்டுப் பழகுதல் நல்ல ஆயத்தமும் ஆகும்.

செயலிகள் எழுதித்தரும் விடைகள் பற்றி ஒன்று கூற வேண்டும். அண்மையில் என்னிடம் வந்த ஒப்படைப்பு ஒன்று புறநானூறு 267ஆம் பாடலின் கையறுநிலை நயத்தை ஒரு பக்கம் விரித்துரைத்தது. நடை குறையற்றது. 267, 268ஆம் பாடல்கள் நமக்குக் கிடைக்கவில்லை என்பதை எழுதியவரும் அறியார், எழுதித்தந்த செயலியும் அறியாது. இதைக் கண்டறிய மென்பொருள் வேண்டியதில்லை. பதிப்பு வரலாறு தெரிந்த ஆசிரியர் போதும். ஆய்வாளரின் பாடப் புலமையும் மதிப்பீட்டுப் பயிற்சியும் கூடும் இடம் இது. அம்மாணவரைப் பாடலைத் தேடி எடுத்து வரச் சொன்னேன். நூலகத்தில் மூன்று பதிப்புகளைப் புரட்டிவிட்டு வந்து, ஏன் இரண்டு எண்கள் வெறுமையாக உள்ளன என்று அவர் கேட்டபோது, சுவடி, செல்லரித்தல், பதிப்பு என்று ஒரு முழு வகுப்பு நடந்தது.

கண்காணிப்பின் எல்லை

ஒளிப்படக் கருவிவழிக் கண்காணிப்பு, திரையைப் பூட்டும் மென்பொருள் ஆகியவற்றைப் பற்றிச் சிலவே கூறுவேன். ஒரே திறன்பேசியை உடன்பிறந்தோர் மூவர் பகிரும் வீட்டில், ஒரே அறையில், பின்னால் சமையல் நடக்கும்போது, முகம் திரும்பியதை முறைகேடெனக் குறிக்கும் கருவி வறுமையையே குறித்துக்காட்டும். தமிழ்நாடு அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்க்கு நாளொன்றுக்கு 2 ஜிபி தரவு வழங்கியது பேருதவியே. எனினும் அலைவரிசை எட்டாத ஊர்களில் தண்ணீர்த்தொட்டியின்மேல் ஏறி வகுப்புக் கேட்டவர்களிடம் மூன்று மணி நேரம் இடைவிடாத காணொலியைக் கேட்டல் தகாது.

இவையெல்லாம் பெருந்தொற்றோடு கழிந்தவை என்று கருதவும் இயலாது. ஸ்வயம் தளத்தின்வழி ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை பயிலலாம் என 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறை இடமளித்துள்ளது. அத்தளத்தின் பாடங்கள் காணொலி, வாசிப்புப் பகுதி, தன்மதிப்பீடு, கலந்துரையாடல் என நாற்பகுதியாக அமைந்தவை. நன்னூலின் காற்கூற்றுக் கணக்கை இவற்றோடு வைத்து நோக்கினால், காணொலியும் வாசிப்பும் முதற்கூற்றுக்கும் கலந்துரையாடல் இரண்டாம் கூற்றுக்கும் உரியன எனலாம். மாணவர் தாம் கற்றதை வாய்திறந்து எடுத்துரைக்கத் தனியே ஒரு பகுதி இல்லை. அக்கலந்துரையாடலை நடத்தும் துணைப்பொறுப்பை ஆய்வாளர்க்கு அளிக்கும் துறைகள் அவ்விடத்தை நிரப்ப முடியும்.

துறை செய்யக்கூடியது

எங்கள் துறையில் இப்போது நடப்பது சிறியதொரு முயற்சியே. ஆய்வாளர் நால்வர், பருவத்திற்கு இருமுறை, தாம் அமைத்த வினாக்களை ஒரு மேசையில் வைத்து, ஒருவர் வினாவிற்கு மற்றவர் திறன்பேசியின் துணையோடு விடை எழுதிப் பார்க்கிறோம். பத்து நிமிடத்தில் நல்ல விடை கிடைத்துவிட்டால் அவ்வினா நீக்கப்படும். பிறகு ஒரே விடைத்தாளின் நான்கு படிகளை நால்வரும் தனித்தனியே திருத்தி மதிப்பெண்ணை ஒப்பிடுகிறோம். முதன்முறை ஒப்பிட்டபோது இருந்த இடைவெளியைக் கண்டு எங்களுள் மூத்தவர், மாணவர்கள் நம்மைப் பற்றிப் பட்டியல் அனுப்பாதது நம் நல்வினை என்றார்.

நெறியாளர் ஒருவர் இவ்வமர்வுகளில் உடனிருக்கிறார். அவர் வரும் நேரம் அவரது பணிச்சுமைக் கணக்கில் சேர்வதில்லை; எங்கள் நேரம் பாடநெறித் தகுதிப்புள்ளியில் சேர்வதில்லை. ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறை குறித்த தாள் இரண்டு தகுதிப்புள்ளிகளோடு ஆய்வாளர்க்குக் கட்டாயமாக உள்ளது. பிறர் எழுத்தை நாம் களவாடாதிருக்கக் கற்பிக்கும் தாள் அது. நம் வினா பிறரைக் களவுக்குத் தூண்டாதிருக்கக் கற்பிக்கும் தாள் ஒன்றை, அதே இரண்டு தகுதிப்புள்ளிகளோடு, முனைவர் பட்டப் பாடநெறிக்குள் தமிழ்த்துறைகள் முன்மொழியலாம். அதற்கான பாடத்திட்ட வரைவு ஒன்றை நாங்கள் நால்வரும் எழுதிவருகிறோம். முதல் அலகாக நன்னூல் பொதுப்பாயிரத்தை வைத்துள்ளோம். அத்தாளின் இறுதித் தேர்வை எவ்வாறு நடத்துவது என்பதில் மட்டும் இன்னும் எங்களுக்குள் உடன்பாடு ஏற்படவில்லை.